பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே

சீடி எழுதும் மென்பொருள்கள் பெரும்பாலும் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் இரண்டு விநாடி மௌனத்தைத் தாமாகவே வைத்துவிடும். கொழும்பில் ஸ்டூடியோவுக்குள் பதிந்த பாட்டுக்கு அதனால் குறையில்லை. மலையகத்தில், றொசல்லயில் தோட்ட லயத்துக் காம்பராவுக்குள் போனில் பதிந்த பாட்டுக்கு அது ஆகாது. தகரத்தில் மழை இரைந்துகொண்டே இருக்கும். பாட்டு முடிந்ததும் அந்த மழை கத்தியால் அறுத்த மாதிரி நின்றுபோகும். இரண்டு விநாடி கழித்து வேறொரு மழை தொடங்கும். கேட்பவரின் காது பாட்டை விட்டுவிட்டு அந்த ஓட்டையிலேயே நிற்கும்.

தாலாட்டு, கும்மி, கொழுந்து மலைப் பாட்டு, காமன் கூத்துப் பாட்டு என்று எங்கள் பக்கத்துப் பாட்டுகளை வீடு வீடாகப் பதிந்து, இடைவெளி இல்லாத ஒரே ஓட்டமாகத் தொகுத்து மாஸ்டரிங் செய்வது என் வேலை. தோட்டத்துப் பாட்டுகளை எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை திரட்டி நூலாக்கினார். தொழிற்சங்கத் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடினார். அந்தப் பாட்டுகள் அச்சிலும் வந்தன. வரிகள் நமக்கு மிஞ்சின. ஒரு பாட்டு முடிந்து அடுத்ததை எடுக்குமுன் பாடுகிறவர் எவ்வளவு மூச்சு விட்டார், அந்த நேரத்தில் வெளியே என்ன கேட்டது என்பதெல்லாம் அச்சில் ஏறாது. ஒலிப்பதிவில் ஏறும். ஏறியதை நாமே வெட்டி எறிவது எனக்குப் பொறுக்காது.

அதனால் பதியப் போகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, பாட்டு முடிந்ததும் போனை அணைக்காமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள் என்பதுதான். அந்த ஒரு நிமிடத்து மழையும் கோழியும், வட்டவளைப் பக்கமிருந்து ஏறி வரும் ரயிலின் ஊதலும்தான் பின்னால் இணைக்கக் கைகொடுக்கும். அடுத்தது, வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பாமல் டொக்குமென்டாக அனுப்பச் சொல்வேன். வாய்ஸ் மெசேஜ் ஒலியை நசுக்கிவிடும். நசுங்கிய மழை மழையாகக் கேட்காது, எண்ணெய்ச் சட்டி பொரிகிற மாதிரிக் கேட்கும்.

இரைச்சல் நீக்கும் கருவியை நான் அநேகமாகத் தொடுவதில்லை. தகரத்து மழை எல்லா அலைவரிசையிலும் பரந்து கிடக்கிறது. அதைத் துடைத்தால் சகரமும் மூச்சும் கூடவே போகும், மிஞ்சும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழையும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே கிடக்கும் உறுமலை மட்டும் வெட்டுவேன். பிறகு முதல் வீட்டு மழையை மெல்ல இறக்கி, இரண்டாவது வீட்டு மழையை மெல்ல ஏற்றுவேன். இந்த கிராஸ்ஃபேடில் நேர்கோட்டு வளைவைப் போட்டால் நடுவில் சத்தம் 3 டெசிபெல் குழிந்துவிடும், ஏனென்றால் இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத ஒலிகள். சம ஆற்றல் வளைவைப் போட்டால் குழி தெரியாது. மழை ஒன்றாகவே பெய்யும், வீடு மட்டும் மாறும்.

தப்பு மேளம்தான் மிகக் கடினம். போனில் இருக்கும் தானியங்கி அளவுக் கட்டுப்பாடு, தப்பு முழங்கியதும் எல்லாவற்றையும் அமுக்கும். அடி நின்றதும் மெல்லத் தூக்கும். அதனால் தப்பை அடுத்து வரும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து எழும்பி வரும். அதை அடி அடியாகக் கையால் ஏற்றி இறக்கித்தான் சரிசெய்ய வேண்டும். போனைத் தப்புக்குப் பக்கத்தில் வைத்ததால் அலை உச்சி வெட்டுப்பட்டிருந்தால் ஒட்டுவேலைதான் செய்யலாம், போன ஒலி திரும்பாது. லயத்தின் அடுத்த மூலையில், மடித்த கம்பளியின் மேல் போனை வைக்கச் சொல்கிறேன்.

அதைவிடப் பெரிய சிக்கல் சுருதி. தோல் நெருப்பில் காய்ந்து விறைத்தால் தப்பின் குரல் ஏறும், எங்கள் பனியில் சற்று நேரத்திலேயே தொய்ந்து இறங்கும். காமன் கூத்தில் ரதி வரும் இடத்துக்கான அடி ஒரு பதிவிலும், தகனத்துக்கான அடி இன்னொரு பதிவிலும் இருந்தன. தாளம் பொருந்தியது, குரல் பொருந்தவில்லை. கணினியில் சுருதியை ஏற்றிப் பார்த்தேன், தோல் தகரமாகிவிட்டது. எங்கள் தப்பு மாமாவிடம் போட்டுக் காட்டியபோது, “காய்ச்சின தப்பும் காய்ச்சாத தப்பும், ஒரே ஆளு அடிச்சாலும் ரெண்டு தப்புதான் தம்பி” என்றார். கூத்தில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது: நடுவில் நிறுத்தி, சருகு கொளுத்தித் தப்பைக் காய்ச்சுவார்கள். சருகு வெடிக்கும் சத்தம், தோலை விரலால் தட்டிப் பார்க்கும் ஒற்றை அடிகள், ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்று மேலே. அதை மட்டும் தனியாகப் பதிந்து இரண்டுக்கும் நடுவே வைத்தேன். இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகப் பிடித்த இணைப்பு அதுதான். அங்கே நான் செய்த தொழில்நுட்பம் ஒன்றுமில்லை.

கடைசியில் சத்த அளவு. எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்கு உயர்த்தச் சொல்லிப் பலர் கேட்பார்கள். தாலாட்டு தப்பளவுக்குக் கத்தினால் எந்தப் பிள்ளை தூங்கும்? ஸ்பாட்டிஃபை பொதுவாக மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்குப் பாட்டுகளைச் சமன்படுத்தும். ஆனால் ஒரு அல்பத்தை வரிசையாகக் கேட்கும்போது பாட்டுகளுக்கிடையிலான ஏற்ற இறக்கத்தை அப்படியே விட்டுவிடும். ஆகவே தொகுப்பு முழுவதையும் ஒரே உருப்படியாக அளக்கிறேன். உச்சம் மைனஸ் 1 டெசிபெலைத் தாண்டாமல் லிமிட்டர் காவல் நிற்கும். தாலாட்டு தாழ்ந்தே இருக்கும். 16 பிட்டுக்கு இறக்கும்போது போடும் டிதர் என்னும் மெல்லிய இரைச்சலை ஒரே ஒரு முறை, எல்லாம் முடிந்த பின்தான் போடுவேன்.

எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் வாலிலும் ஒரு துளி வெறுமை ஒட்டிக்கொள்ளும். பார்த்துப் பார்த்துச் சேர்த்த மழை அங்கே விக்கும். தனித்தனிப் பாட்டாகக் கேட்பவர்களுக்கு ஃப்ளாக் கோப்பு கொடுக்கலாம், அதில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எங்கள் ஆட்கள் கேட்பது அட்டன் பஸ்ஸிலும் ஆட்டோவிலும், பென் டிரைவில். அதற்கென்று முழுத் தொகுப்பையும் வெட்டாமல் ஒரே எம்பி3யாகவும் எடுத்து வைத்திருக்கிறேன். பென் டிரைவ் கொண்டுவருபவர்களுக்கு அதைத்தான் ஏற்றிக் கொடுக்கிறேன்.