இறங்காமல் ஓட்டும் பாதை

விடுமுறையில் சைக்கிளோடு கிராமப்புறம் பார்க்க எங்கே போகலாம் என்று கோலாலம்பூரில் யாரைக் கேட்டாலும் கை கிழக்கே நீளும். உலு லங்காட், அதற்கு மேலே நெகிரி செம்பிலான் எல்லையைத் தொடும் கெந்திங் பெராஸ் ஏற்றம், இன்னும் தெம்பு இருந்தால் பிரேசர் மலை என்பார்கள். ஆறும் காடும் குளிர்ச்சியும் சேர்ந்த அருமையான பாதைகள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனாலும் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் முதன்முதலாகச் சைக்கிளில் கிளம்புவதென்றால், நான் மேற்கே கடலோரத்தைத்தான் சொல்வேன். தெலுக் பங்லிமா காராங், கேரித் தீவு, பந்திங், ஜுக்ரா, மோரிப் என்று கோல லங்காட் மாவட்டத்தில் விரியும் தோட்டப்புறம் அது. அங்கே ஜுக்ரா குன்றை விட்டால் ஏற்றமே கிடையாது. பத்து வயதுப் பிள்ளையும் அறுபது வயதுத் தாத்தாவும் ஒரே வேகத்தில் மிதித்துப் போகலாம். என் பரிந்துரைக்கு இது சின்னக் காரணம். பெரிய காரணம் அந்த மண்ணில் சைக்கிளுக்கே இருக்கும் வரலாறு.

அதற்கு முன் ஒரு மறுப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் பார்க்க என்ன இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மரம்தானே என்பார்கள். காரில் போகிறவருக்கு அது உண்மைதான். மணிக்கு எண்பது கிலோமீட்டரில் செம்பனை ஒரு பச்சைச் சுவர். பதினைந்து கிலோமீட்டரில் அந்தச் சுவர் திறந்துகொள்கிறது. வெட்டிய குலைகள் சாலையோரம் கிடக்கும். உதிர்ந்த பழங்கள் செம்மஞ்சளாகப் புல்லுக்குள் சிதறியிருக்கும். நிரைகளுக்கு நடுவே கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி நிற்கும். எலியைப் பிடிக்க ஆந்தை வந்து தங்கட்டும் என்று தோட்டத்தார் வைத்த வீடு அது. பாதையோரம் வரிசையாக நிற்கும் மஞ்சள் பூச்செடிகளும் அழகுக்காக நட்டவை அல்ல. ஓலையைத் தின்னும் புழுக்களை அழிக்கிற குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்றே வளர்க்கிறார்கள். கேரித் தீவில் கடல் பொங்கினால் நிலம் முழுகிவிடும். அணைக்கரை கட்டி, வாய்க்கால் வெட்டி, மதகு வைத்துக் காப்பாற்றிய பூமி அது. அந்தக் கரையைத் தூக்கிய கைகளை நினைக்காமல் அதன் ஓரத்தில் சைக்கிளை ஓட்ட முடியாது. ஏதாவது ஒரு திருப்பத்தில் மரத்தடியில் சூலமும் எலுமிச்சம்பழமுமாக முனியாண்டி நிற்பார். கிழக்கு, மேற்கு, தெற்கு என்று தீவில் இன்னும் தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. மா மெரி மக்கள் மரத்தில் முகமூடி செதுக்கும் சுங்கை பும்பூன் கிராமமும் இங்கேதான். இத்தனையும் தட்டையான ஒரே நிலப்பரப்பில் அடுத்தடுத்து வரும்போது, பார்க்க ஒன்றுமில்லை என்ற பேச்சு எனக்குப் புரிவதே இல்லை.

இனி வரலாறு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் அவர்களை ஒன்று திரட்டியவர்களில் முக்கியமானவர். சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, கள்ளுக்கடை மூடல், பெண்களிடம் அத்துமீறுவதற்கு முடிவு என்று கோரிக்கைகள் நீண்டன. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். கூலிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பக்கத்தில் அதை வைத்தார்கள் என்றால் அந்த அவமானம் எவ்வளவு ஆழமாகத் தைத்திருக்க வேண்டும்! மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். சிலாங்கூரில் அவசரநிலை வந்தது, படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். அந்த வட்டாரத்துச் சாலையில் இன்று யாருக்காகவும் இறங்காமல் மிதித்துப் போவதை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

நம்மவர்கள் பாடுபட்ட இடத்தில் உல்லாசப் பயணம் போவது தகுமா என்றும் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் போகாமல் இருந்தால் என்ன ஆகும்? கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. லயங்கள் போய், கோயில் மட்டும் அடுக்குமாடிகளுக்கு நடுவே நிற்கும் இடங்கள் உண்டு. நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத் தோட்டம் என்பது பாட்டி சொல்லும் கதையாகச் சுருங்கிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்திருந்தாலும், பாட்டி நடந்த தூரம் எவ்வளவு என்பதைக் கால் வலிக்க மிதித்தால்தான் பிள்ளை தெரிந்துகொள்ளும்.

ஆபத்தைப் பற்றிய கவலையை மட்டும் நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கிள்ளானிலிருந்து பந்திங் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் லாரிகள் ஓயாது. பிள்ளைகளோடு அதில் சைக்கிள் ஓட்டவே கூடாது. சைக்கிள்களைக் காரில் ஏற்றிக்கொண்டு லங்காட் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தீவுக்குள் போய் இறக்குவதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் பத்து மணிக்குள் முடித்துவிட வேண்டும். இன்னும் தூரம் போக ஆசைப்படுகிறவர்கள் வேறொரு நாளில் ஜுக்ராவிலிருந்து மோரிப் கடற்கரை வரை ஓட்டலாம். வழியில் 1905-இல் கட்டி முடித்த இஸ்தானா பண்டார் அரண்மனை இருக்கிறது. மோரிப்பில்தான் 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணடைந்த பிறகு, பிரிட்டிஷ் இந்தியப் படை கரையிறங்கியது.

தோட்டத்தின் உள்சாலைகள் தனியார் நிலம். பொதுச் சாலையை விட்டு உள்ளே திரும்புமுன் காவல்சாவடியில் கேட்டுவிட்டுப் போவதுதான் மரியாதை. உறவினர்கள் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக வேண்டும் என்பதும் 1941-இன் கோரிக்கைகளில் ஒன்று என்பதால், அந்தத் தடுப்புக் கம்பத்தின் முன் சற்று நிற்கும்போது பிள்ளைகளிடம் சொல்ல விஷயம் இருக்கிறது. கேரித் தீவில் துறைமுகம் அமைக்கும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. அது வந்தால் தீவுச் சாலையிலும் கொள்கலன் லாரிகள் ஓடும். அதற்கு முன்பே, அடுத்த பள்ளி விடுமுறைக்கே சைக்கிள்களுக்குக் காற்றடித்து வையுங்கள்.