வண்டிக்கு இன்னொரு பேட்டரி

காரில் இரண்டாவதாக ஒரு பேட்டரி வைக்கப் போகிறேன் என்றால் டெல்லியில் யாரும் அசர மாட்டார்கள். "என்ன சார், வூஃபரா?" என்று மட்டும் கேட்பார்கள். டிக்கி முழுக்க ஸ்பீக்கரை அடைத்துக்கொண்டு, பக்கத்து வண்டியின் கண்ணாடி அதிரப் பாட்டுப் போடும் ஊர் இது. கரோல் பாகில் அதற்கென்றே கடை கடையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நமக்குத் தேவைப்பட்டதோ சத்தமே போடாத ஒரு சமாச்சாரம் :-)

அப்பாவுக்கு ஸ்லீப் ஏப்னியா. தூங்கும்போது மூச்சு அடைபடும். ராத்திரியானால் சி-பேப் மிஷினின் மாஸ்க்கை மாட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். ஒரு நாள்கூட விடாதீர்கள் என்பது டாக்டர் உத்தரவு. கும்பகோணத்திலிருந்து வருஷம் ஒரு முறை எங்களிடம் வருவார். வந்தால் பத்ரி போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. திவ்யதேசக் கணக்கில் வடக்கே பாக்கி நிற்பவற்றில் அவருக்கு முக்கியமானது அதுதான். டெல்லியிலிருந்து ஐநூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ரிஷிகேஷ் தாண்டினால் முழுக்க மலைப்பாதை. கரண்ட் எப்போது போகும், பாதை எப்போது அடைபடும் என்று யாராலும் சொல்ல முடியாது. டாக்டர் யோசித்துவிட்டு, "போகலாம், மிஷின் கூடவே போகணும்" என்றார். ஆக, பத்ரி யாத்திரை பேட்டரி விவகாரமாகிவிட்டது.

இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கி, வண்டியில் இருக்கிற பேட்டரியிலேயே மாட்டினால் என்ன? வண்டியின் பேட்டரி அந்த வேலைக்குச் செய்யப்பட்டதே இல்லை. செல்ஃப் அடிக்கும் அந்த ஓரிரு நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரை வாரிக் கொடுக்க வேண்டும், பிறகு ஆல்டர்னேட்டர் ஓடும்போது பழையபடி நிரம்பிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் அதன் பிழைப்பு. அதை ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக உறிஞ்சினால், காலையில் செல்ஃப் 'டிக் டிக்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். அடிக்கடி இப்படி வற்றவிட்டால் உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளும் சீக்கிரம் போய்விடும். என்ஜினை ஓடவிட்டுக்கொண்டே தூங்கலாமா என்று ஒரு உறவினர் கேட்டார். தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். நின்ற வண்டிக்குள் புகை புகுந்து கார்பன் மோனாக்சைடால் தூக்கத்திலேயே போனவர்கள் உண்டு.

நம்ம ஊரில் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். மைக் செட் அண்ணன்களை நினைத்துப் பாருங்கள். தேர்தல் வந்தால் அம்பாசடர் தலையில் குழாய் ஸ்பீக்கர் ஏறும். உள்ளே அஹூஜா ஆம்ப்ளிஃபையர் (அது டெல்லிக் கம்பெனி என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரியும்). அதன் முதுகில் 12 வோல்ட் பேட்டரி மாட்ட இரண்டு முனை இருக்கும். அதற்கென்று தனி பேட்டரி ஒன்றைக் காலடியில் வைத்திருப்பார்கள். வண்டி பேட்டரிக்கும் அதற்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. நாள் முழுக்கக் கத்தினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும். ராத்திரி சார்ஜ் கடையில் கொடுத்து வாங்கிக்கொள்வார்கள்.

எனக்கும் அந்தப் பிரிவினைதான் வேண்டும்; கூடவே, ஓடும்போது வண்டியே சார்ஜும் செய்ய வேண்டும். கரோல் பாக் மெக்கானிக் ஒருவர் ஐந்தே நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னார்: "பாய் சாப், சீதா ஜோட் தேதே ஹை." நேராகச் சேர்த்துவிடலாமாம். பாசிட்டிவோடு பாசிட்டிவ், நெகட்டிவோடு நெகட்டிவ், வேலை முடிந்தது. பி.காம் படித்த மண்டைக்கே இது உறுத்தியது. இரண்டு கணக்கையும் ஒன்றாக இணைத்துவிட்டால் அது ஒரே கணக்கு. ராத்திரி இரண்டும் சேர்ந்தே காலியாகும். போதாததற்கு, ஒன்று பழசு, ஒன்று புதுசு என்றால் பழசு புதுசையும் இழுத்துக்கொண்டு கீழே போகும். நடப்புக் கணக்கு ஒன்று, அதில் கை வைக்க முடியாத வைப்புக் கணக்கு ஒன்று என்று இருப்பதுதான் நமக்குப் பழக்கம்.

பழைய வழி, நடுவில் ஒரு ரிலே. என்ஜின் ஓடி வோல்டேஜ் 13.3 அளவுக்கு ஏறினால் ரிலே இரண்டையும் சேர்க்கும், 12.8-க்கு இறங்கினால் பிரிக்கும். எளிமையானது, விலையும் குறைவு. ஆனால் இப்போதைய வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் ரொம்ப சாமர்த்தியசாலி. பெட்ரோல் மிச்சம் பிடிக்க, வேண்டாத நேரத்தில் வோல்டேஜை இறக்கிவிடும், காலை எடுத்து வண்டி வேகம் குறையும்போது ஏற்றும். ரிலே பாவம், குழம்பிப்போகும். இரண்டாவது பேட்டரி எப்போதும் அரை வயிறுதான். அதனால் டிசி-டிசி சார்ஜர் என்ற பெட்டியை வாங்கினேன். உள்ளே என்ன வோல்டேஜ் வந்தாலும், வெளியே பேட்டரிக்கு ஏற்ற மாதிரி சீராகக் கொடுக்கும். என்ஜின் நின்றால் தானே துண்டித்துக்கொள்ளும்.

மாருதிக்காரர்களே 2018 சியாஸில் ஈய பேட்டரியோடு சின்ன லித்தியம் பேட்டரியையும் வைத்து இரண்டாக விற்றார்கள். அது சிக்னலில் நின்று கிளம்புவதற்கும் என்ஜினுக்குக் கைகொடுப்பதற்கும். அதிலிருந்து மிஷினுக்குக் கரண்ட் எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி கணக்கு. அப்பாவின் மிஷின், தண்ணீர்த் தொட்டியைச் சூடாக்காமல் ஓடினால் 30 வாட் அளவுக்கு இழுக்கிறது. எட்டு மணி நேரத்துக்கு 240 வாட்-மணி. 12 வோல்ட் பேட்டரியில் கசிவெல்லாம் சேர்த்து 21 ஆம்பியர்-மணி. சூடாக்கியைப் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் போகும், எனவே மலையில் தொட்டி கிடையாது என்று அப்பாவிடம் முன்னாடியே சொல்லிவிட்டேன். மிஷினுக்கு 24 வோல்ட் வேண்டும். 12-ஐ இன்வெர்ட்டரில் 230 ஆக்கி, அதை மறுபடி அடாப்டரில் 24 ஆக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. 12-லிருந்து நேராக 24-க்கு ஏற்றும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது, அதுதான் சரி. ஈய பேட்டரி என்றால் பாதிக்கு மேல் வற்றவிடக்கூடாது, கனமும் அதிகம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டில் 50 ஆம்பியர்-மணி வாங்கினேன். ஆறு கிலோ சொச்சம், இரண்டு ராத்திரிக்குக் காணும். ஒரே கண்டிஷன், பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. அதனால் டிக்கியில் வைக்காமல் முன் சீட்டுக்கு அடியில்.

ஒயர் வாங்க பகீரத் பேலஸ் போனேன். சாந்தினி சௌக்கில் ஒரு காலத்தில் பேகம் சம்ருவின் மாளிகை. இப்போது எலக்ட்ரிக் மொத்த மார்க்கெட். 2022 நவம்பரில் அங்கே பிடித்த தீயை அணைக்க நாள்கணக்கில் ஆயிற்று. அந்தக் கரிபிடித்த சுவர்களைப் பார்த்துக்கொண்டே ஒயர் வாங்கினால் தானாகப் புத்தி வரும். என்ஜின் அருகிலிருந்து சுற்றி வளைத்து நாலரை மீட்டர், 25 ஆம்பியர் ஓட வேண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் போகும் வழியிலேயே முக்கால் வோல்ட் தொலைந்துவிடும், அந்த ஒயரும் சுடும். 10 சதுர மில்லிமீட்டரில் 0.2 வோல்ட்டோடு போயிற்று. அதிலும் அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி, செம்பு என்றே விற்கிறார்கள். பிளேடால் ஒரு இழையைச் சுரண்டிப் பார்த்து, உள்ளேயும் சிவப்பாக இருந்தால்தான் காசு கொடுத்தேன். கடைக்காரர் முகம் கோணியது. கோணட்டும்.

ஃப்யூஸ் இரண்டு, இரண்டு பேட்டரிக்குப் பக்கத்திலும் ஒவ்வொன்று, ஒரு சாண் தூரத்துக்குள். ஒயரின் இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறதே, நடுவில் எங்கே உரசி பாடியைத் தொட்டாலும் இரண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். மெக்கானிக் "ஒன்று போதும்" என்றார். வண்டியில் தூங்கப் போவது அவர் அப்பா இல்லை. எர்த்தையும் பேட்டரி நெகட்டிவ் முனையில் நேராக மாட்ட வேண்டாம் என்றேன். அந்த முனையில் இப்போது சென்சார் இருக்கிறது. அதைத் தாண்டி மாட்டினால் வண்டியின் கம்ப்யூட்டருக்குக் கணக்கு உதைக்கும். பாடியில் மாட்டினோம்.

2023 ஜூனில் கிளம்பினோம். இரண்டாம் நாள் ஸ்ரீநகர் (காஷ்மீர் இல்லை, கட்வால்) தாண்டி சிரோபகட் அருகே மழை, மேலிருந்து கல்லும் மண்ணும் சரிந்து பாதை அடைத்துவிட்டது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். இருட்டிவிட்டது, காலைக்கு முன் திறக்காது என்றார்கள். முன் சீட்டைச் சாய்த்து அப்பாவுக்கு மாஸ்க் மாட்டினேன். நான் தூங்கவில்லை. இருட்டில் அந்த மிஷினின் 'ஸ்ஸ்' சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு முறை அது கொஞ்சம் மாறினாலும் மீட்டரைப் பார்த்தேன். விடியும்போது 58 சதவிகிதம் பாக்கி. எழுந்ததும் அப்பா சொன்ன முதல் வார்த்தை, "தொண்டை வறண்டு போச்சுடா, அந்தத் தொட்டியைப் போட்டிருக்கலாம்." செல்ஃப் ஒரே அடியில் எடுத்தது. ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் ஓட்டியதும் பேட்டரி மறுபடி நிரம்பிவிட்டது. மூன்றாம் நாள் சாயங்காலம் பத்ரியில் தரிசனம்.

இப்போது கையில் தூக்கிப் போகிற பவர் ஸ்டேஷன் பெட்டிகள் வந்துவிட்டன. ஒரே ஒரு பயணம்தான் என்றால் அதையே வாங்குங்கள். சிகரெட் லைட்டர் முனையில் மாட்டினால் மெதுவாகத்தான் நிரம்பும். வருஷா வருஷம் போகிறவர்களுக்கு மட்டும் என் வழி. டெல்லியில் வண்டி ஆயுசு வேறு கோர்ட் கையில் இருக்கிறது: டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-இல் உச்ச நீதிமன்றமும் ஆமோதித்தது, 2025-இல் அதிலும் மாற்றங்கள். அதனால் எதையும் வெட்டி ஒட்டாமல், நாலு போல்ட் கழற்றினால் அடுத்த வண்டிக்கு மாற்றும்படி வைத்திருக்கிறேன். இன்ஷூரன்ஸிலும் ஐஎம்டி 24 என்ற பிரிவில் மதிப்பைக் காட்டி, நாலு சதவிகிதம் பிரீமியம் கட்டிச் சேர்த்தாயிற்று.

மே மாத வெயிலில் மூடிய வண்டிக்குள் கை வைக்க முடியாது. அப்பா ஊருக்குக் கிளம்பியதும் பேட்டரியைப் பாதி சார்ஜோடு கழற்றி வீட்டு அலமாரியில் வைத்துவிடுவேன். அவர் டிக்கெட் போட்டதாக போன் வந்தால் மறுபடி சீட்டுக்கு அடியில்.