செய்தி கொடுக்க வந்தவர்

நான் பயிற்சிக்குப் போன சபையின் வாலிபர் ஐக்கியத்தில் பதினோராம் வகுப்புப் பையனும் இருந்தான், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனானவரும் இருந்தார். தென் மாவட்டச் சபைகளில் இது வழக்கம்தான். நடுவே நர்சிங் படிக்கும் பெண்கள், அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருப்பவர்கள், திருப்பூரில் வேலை பார்த்து மாதம் ஒருமுறை ஊர் திரும்புகிறவர்கள். இத்தனை பேருக்கும் பொதுவாக அரைமணி நேரச் செய்தி ஒன்று கொடுத்து வரும்படி வேதாகமக் கல்லூரி எங்களை அனுப்பும். சனி மதியச் சாப்பாடு முடிந்ததும் பேருந்து ஏறி, இரவு ஆயர் வீட்டில் தங்கி, காலை ஓய்வுநாள் பள்ளி, மாலை வாலிபர் கூடுகை என்று முடித்துவிட்டுத் திங்கள்கிழமை வகுப்பில் உட்கார்ந்துவிட வேண்டும். வாரயிறுதி ஊழியம் என்று பெயர். மதிப்பெண்ணும் உண்டு.

கிறிஸ்தவக் கல்வி என்ற பாடத்தில் வளரிளம் பருவம் பற்றி உளவியலாளர் எரிக்சன் சொன்னதையெல்லாம் நெட்டுருப் போட்டிருந்தேன். அடையாளக் குழப்பம் பற்றிக் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவேன். கடைசி வரிசையில் குனிந்து கைபேசி பார்க்கிறவனிடம் என்ன பேசுவது என்பது அதில் வரவில்லை. "என்ன தம்பி, நல்லா இருக்கீங்களா?" என்றால் "நல்லா இருக்கேன் பிரதர்" என்பான். அத்தோடு சரி. அடுத்த வாரமும் அதே கேள்வி, அதே பதில்.

டிசம்பரில்தான் மாறியது. கேரல் ரவுண்ட்ஸ் போய்ப் பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: குட்டி யானை வண்டியில் ஜெனரேட்டர், கீபோர்டு, ஒலிபெருக்கி எல்லாம் ஏற்றிக்கொண்டு, கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் போட்ட ஒருவன் முன்னால் ஆடிவர, இரவு ஒன்பது மணிக்குக் கிளம்பி விடிய விடிய வீடுவீடாகப் போவது. வீட்டுக்கு ஒரு பாட்டு, ஒரு ஜெபம், காணிக்கை. கூடவே தின்னவோ குடிக்கவோ ஏதாவது. மூன்றாவது தெருவுக்குள் எல்லார் வயிறும் சுக்குக் காப்பியால் நிரம்பிவிடும். அந்த இரவில் எனக்கு டார்ச் பிடிக்கிற வேலைதான். எந்த வீட்டில் அந்த ஆண்டு சாவு விழுந்தது, எங்கே டிரம்ஸைத் தொடாமல் ஒரு பாமாலைப் பாட்டோடு நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கடைசி வரிசைக்காரனுக்குத் தெரிந்திருந்தது. ஒரு வீட்டில் பெரியவர் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். மற்றவர்களை வாசலில் நிறுத்திவிட்டு இவன் மட்டும் உள்ளே போனான், நான் பின்னால் போனேன். கூடுகையில் ஜெபிக்கச் சொன்னால் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறவன், கட்டில் பக்கத்தில் நின்று யாரும் சொல்லாமலே ஜெபித்தான். நாலே வாக்கியம். நான் அதுவரை கொடுத்திருந்த செய்திகளுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

விடியற்காலையில் வண்டியின் பின்பலகையில் கால் தொங்கவிட்டு வரும்போது அவனாகப் பேசினான். கல்லூரியிலிருந்து நின்றுவிட்டானாம், வீட்டில் இன்னும் தெரியாதாம். கேட்டுக்கொண்டேன். வசனம் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தூக்கக் கலக்கத்தில் ஒன்றும் ஞாபகம் வரவில்லை என்பதும் ஒரு காரணம்.

பிறகு சபை வரலாறு படிக்கையில் பழைய பெயர்கள் சில புதிதாகத் தெரிந்தன. 1881இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் பிரான்சிஸ் கிளார்க் என்ற ஆயர் கிறிஸ்டியன் எண்டெவர் சங்கத்தைத் தொடங்கினார். கூடுகையில் ஒவ்வொருவரும் ஏதாவது பங்கெடுப்பதாக உறுதிமொழி வாங்கி, வேலைகளைக் குழுக்களாகப் பிரித்து வாலிபர் கையிலேயே கொடுத்துவிட்டார். நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1895இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக வாலிபர் நடுவே இறங்கினார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தபோது முன்னின்றவர்களில் அவரும் ஒருவர். குருப்பட்டம் வாங்கியது 1909இல்தான். எங்கள் பாடத்திட்டத்தில் வேலை எப்போதும் பாடத்துக்குப் பின்னால்தான் வந்தது. அதில் எனக்கு இன்னும் மனத்தாங்கல் உண்டு. அதற்காக எரிக்சனைப் படித்தது வீண் என்று சொல்ல மாட்டேன். பின்பலகையில் கேட்டதை அசைபோட அவரும் உதவினார்.

ஜனவரி முதல் செய்தி கொடுப்பதைக் குறைத்துக்கொண்டேன். திருப்பூர்க்காரர் ஒருநாள் ஓவர்டைம் பற்றியும், ஞாயிறு ஆராதனையை விட வேண்டியிருப்பது பற்றியும் பேசினார். நர்சிங் படிக்கும் பெண் ஒருத்தி, வார்டில் தான் முதன்முதலாகப் பார்த்த மரணத்தைச் சொன்னாள். அன்று யாரும் கைபேசியை எடுக்கவில்லை. மாத அறிக்கைத் தாளில் 'கொடுத்த செய்திகள்' என்ற கட்டம் காலியாகவே போனதும் பொறுப்பாசிரியர் கூப்பிட்டனுப்பினார். "அப்ப ஞாயித்துக்கிழமை நீங்க என்னதான் செய்றீங்க தம்பி?" நியாயமான கேள்வி. பாய் விரிக்கிறேன், டீ வாங்கி வருகிறேன், கேட்கிறேன் என்றேன். அரை மதிப்பெண் குறைத்தார்.

பெண்பிள்ளைகள் விஷயம் தனி. பாட்டுப் பயிற்சியில் பாதிக்கு மேல் அவர்கள் குரல்தான், ரவுண்ட்ஸில் ஒருத்தியும் இருக்கமாட்டாள். ராத்திரியில் யார் அனுப்புவார்கள்? அடுத்த டிசம்பர் நெருங்கியபோது அந்த நர்சிங் பெண்ணே கூடுகையில் இதைக் கிளப்பினாள். ஆயரின் மனைவி, அந்தப் பக்கத்து வழக்கப்படி ஐயரம்மா, சேகரக் கமிட்டி வரை கொண்டுபோனார். கோயிலைச் சுற்றிய தெருக்களுக்கு மட்டும் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கே போவது என்று முடிவாயிற்று. பட்டப்பகலில் என்ன கேரல் என்று பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். தாத்தா வேடக்காரன் பாடுதான் திண்டாட்டம். வேர்வை தாங்காமல் மூன்றாம் வீட்டிலேயே முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். காணிக்கையோ, அதே தெருக்களில் போன வருஷம் இரவில் விழுந்ததைவிடக் கூடுதல். பொருளாளர் இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் வடக்குத் தெருவையும் சேர்த்துக்கொள்ளலாமே என்றார்.