ராகி பால் பிடித்த நாள்

என் மகளுக்கு இரண்டு பிறந்தநாள். ஒன்று, பள்ளிச் சான்றிதழில் இருக்கும் அக்டோபர் 3. மற்றது என் அம்மாவின் கணக்கில் வருவது. அதற்குத் தேதி கிடையாது. நாட்றாம்பாளையத்தில் எங்கள் கொல்லையில் ராகி பால் பிடிக்கிற நாள்தான் அது. 1996இல் எனக்கு வலி கண்ட அன்று காலையில், அம்மா கொல்லையில் நின்று ஒரு கதிரை நகத்தால் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். வெள்ளையாகப் பால் வந்ததாம். ஆள் ஓடிப்போய்க் கூப்பிட்டதும் விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். "எம் பேத்தி பொறந்த நாளு எனக்குத் தெரியாதா? பயிரு சொல்லும்" என்பாள். மழை முந்தினால் பேத்திக்கு வயதும் முந்தி ஏறும். ஆடி பொய்த்து விதைப்பு தள்ளிப்போன வருஷம் பிறந்தநாளும் தள்ளிப்போகும். அதில் அம்மாவுக்கு ஒரு குழப்பமும் இருந்ததில்லை.

அப்போது நாங்கள் ஓசூரில் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லேத் வேலை. ஒரே வரிசையில் எட்டு வீடு கொண்ட லைன் வீட்டில் எங்களுடையது ஆறாவது. தருமபுரி, சேலம், திருநெல்வேலி என்று எல்லா ஊர்க்காரர்களும் அந்த வரிசையில் இருந்தார்கள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்தன. காலாண்டுப் பரீட்சை முடிகிற அன்றைக்கு அந்த வரிசையே பாதி காலியாகிவிடும். வெளிநாடுகளில் மரங்கள் இலை உதிர்க்கிற மாதங்கள் இவை என்று பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் பக்கம் அப்போதுதான் எல்லாம் பச்சை. அரையாண்டு லீவில் ராகி அறுத்துப் போரடித்து முடிந்திருக்கும், குளிர் வாட்டும். முழுப்பரீட்சை லீவில் கொல்லை வெறும் மண்ணாகக் கிடக்கும், கிணற்றில் தண்ணீர் இருக்காது. தாய்வீடு பச்சையாக இருக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போக முடிந்தது அந்த ஒன்பது பத்து நாள் காலாண்டு லீவில் மட்டும்தான்.

ஓசூரில் ஏறினால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, பிறகு நாட்றாம்பாளையம். கோட்டையைத் தாண்டியதும் பாதை காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும். மகனுக்கு இரண்டாவது வளைவிலேயே குமட்டும். எலுமிச்சம்பழம் ஒன்றை அவன் மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு, மடியில் கேக் டப்பாவையும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன். மகளின் ஐந்தாவது வயதில்தான் முதல்முதலாகக் கேக் வாங்கிப் போனோம். பேக்கரிக்காரர் ரோஜாப்பூ மூன்று வைத்து, அவள் பெயரைச் சிவப்பில் எழுதித் தந்திருந்தார். ஊரில் இறங்கித் திறந்தால் ரோஜாவெல்லாம் டப்பாவின் மூடியில் இருந்தன. பெயரில் கடைசி இரண்டு எழுத்துதான் மிச்சம். மகள் உதட்டைப் பிதுக்கினாள். அம்மா ஒரு விள்ளல் எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடித் தின்றுவிட்டு, "பஞ்சாட்டம் இருக்குதுடீ கண்ணு. ஆயாவுக்குப் பல்லே வேண்டாம்" என்றாள். அழ ஆரம்பித்த பிள்ளை சிரித்துவிட்டது.

அம்மா வைத்த பிறந்தநாளில் தின்பதற்கு என்ன தெரியுமா? சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு கொல்லைக்குப் போவாள். பால் கொஞ்சம் கெட்டிப்பட்ட கதிராகப் பார்த்து, காம்போடு ஒரு கை அறுப்பாள். வீட்டு முன்னால் மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்பில் தழல் மட்டும் விட்டு, கதிர்களை அதன்மேல் புரட்டிப் புரட்டி வாட்டுவாள். பச்சைக் கதிர் சுடுகிற வாசம் வாட்டிய சோளத்தின் வாசம் போலத்தான் இருக்கும், ஆனால் அதில் பாலின் இனிப்பும் கொஞ்சம் கலந்திருக்கும். சூட்டோடு சூடாகக் கதிரை முறத்தில் போட்டு இரண்டு உள்ளங்கையாலும் தேய்ப்பாள். அவள் கை காய்த்துப்போன கை, சூடு உறைக்காது. பச்சைமணிகள் கடுகு போல உதிரும். ஊதிப் புடைத்தால் உமி பறந்துவிடும். அதில் வெல்லத்தைத் தட்டிப்போட்டு, தேங்காயைத் துருவிப்போட்டு, முதல் பிடியைப் பேத்தியின் வாயில் வைப்பாள். பாட்டுப் பாடியதில்லை, மெழுகுவத்தி ஏற்றியதில்லை. தலையில் கைவைத்து, "பயிராட்டம் வளரு" என்பாள்.

வளர்ந்ததையும் பயிரை வைத்துத்தான் அளந்தாள். பிறந்தநாளன்று பேத்தியைக் கொல்லைக்குள் நிறுத்தி, வரப்பிலிருந்து பார்ப்பாள். மூன்று வயதில் ஆளே தெரியவில்லை. ஐந்தில் உச்சி தெரிந்தது. ஆறில் கண். எட்டு வயதில் தோளுக்குக் கீழே கதிர் ஆடியது. "பயிரைத் தாண்டிட்டா மாப்ளே" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அம்மாவின் குரலில் இருந்தது முழுச் சந்தோஷம்தானா என்று இன்றைக்கு யோசிக்கிறேன்.

அக்டோபர் 3 பெரும்பாலும் பள்ளிக்கூடம் திறக்கிற நாளாக அமையும். கலர் டிரெஸ், வகுப்புக்கு ஒரு பாக்கெட் சாக்லேட், டீச்சருக்கு இரண்டு என்று அது நடந்து முடிந்துவிடும். அவளிடம் இப்போது கேட்டால் அந்தச் சாக்லேட் பிறந்தநாள்களில் ஒன்றுகூடத் தனியாக ஞாபகம் இல்லை என்கிறாள். முறத்தில் ராகி தேய்த்த சத்தம் ஞாபகம் இருக்கிறது.

லீவில் ஒருநாள் ஒகேனக்கல் போவோம். நாட்றாம்பாளையத்திலிருந்து அதே ரோடு காட்டுவழியாக நேரே அங்கே இறங்கும். அப்பா கூட வந்தால் வழியில் பிலிகுண்டுலுக்குப் பிரிகிற பாதையைக் கைகாட்டி, "அங்கதான் காவேரித் தண்ணிய அளக்கிறாங்க" என்று பேரனுக்குச் சொல்வார். கர்நாடகத்திலிருந்து எவ்வளவு தண்ணீர் வந்தது என்று நாடே சண்டை போடுகிற கணக்கை மத்திய நீர்வள ஆணையத்தார் குறிப்பது அங்கேதான். நடுவர் மன்றம் 2007இல் 192 டி.எம்.சி. என்றது, உச்ச நீதிமன்றம் 2018இல் 177.25 என்றது, இரண்டும் எங்கள் பக்கத்து அந்தக் கரையில் அளக்க வேண்டிய தண்ணீர்தான். பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி முக்கியம். முந்தின நாள் ராத்திரி டிவியில் ஒகேனக்கல்லுக்கு வினாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி என்று சொல்வதைக் காது தீட்டிக் கேட்பார்கள். தண்ணீர் ஏறிவிட்டால் பரிசலுக்குத் தடை, குளிக்கத் தடை. குறைவாகச் சொன்னால் வீடே குதிக்கும்.

மூங்கில் பிளாச்சில் பின்னி, அடியில் தார் பூசிய பரிசலில் நாங்கள் நாலு பேரும் வட்டமாகக் குந்தியிருப்போம். பாறை இடுக்குக்குள் போனதும் பரிசல்காரர் துடுப்பைக் குத்தி ஒரு சுற்றுச் சுற்றுவார். மகள் என் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொள்வாள். கரையில் எண்ணெய் தேய்ப்பவர் என் வீட்டுக்காரரைப் பாறையில் படுக்கவைத்து முதுகில் தட்டியபோது, அப்பாவை யாரோ அடிக்கிறார்கள் என்று மகன் ஓடிப்போய் அந்த மனிதரின் காலைக் கட்டிக்கொண்டான். அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டு, அவன் தலையிலும் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தார்.

ஒரே குறை, அது புரட்டாசி. எங்கள் வீட்டில் அந்த மாசம் கவிச்சி நுழையாது. சனிக்கிழமை தளிகை போட்டு, மாவிளக்கு வைத்து, கோவிந்தா போட்ட பிறகுதான் சாப்பாடே. ஒகேனக்கல்லிலோ ஆற்றுமீனை மிளகாய் தடவிக் கடைக்குக் கடை அடுக்கியிருப்பார்கள். மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே குழம்பு வைத்துத் தருகிற பெண்கள், "வாக்கா, வாக்கா" என்று கூப்பிடுவார்கள். மகன் அந்தத் தட்டுகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி நடப்பான். நாங்கள் பாறையில் உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொடுத்த களி உருண்டையும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிடுவோம். "ஐப்பசி வரட்டும்டா" என்று தாத்தா சொல்வார். ஐப்பசியில் நாங்கள் ஓசூரில் இருப்போம் என்று அவருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ராத்திரிகளைச் சொல்லவில்லையே. கதிர் பால் பிடித்த வாசம் மனுசருக்கு முன்னால் ஆனைக்குத் தெரியும். வருஷா வருஷம் அக்டோபர் வாக்கில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து ஜவளகிரி வழியாக ஆனைக்கூட்டம் தமிழ்நாட்டுக்குள் இறங்கும். தளி, தேன்கனிக்கோட்டை, சானமாவு என்று ராகி விளைகிற இடமெல்லாம் நடந்து, அறுப்பு முடிந்த பிறகு திரும்பும். எங்கள் ஊரோ காட்டுக்குள்ளேயே இருக்கிற ஊர். அப்பா கம்பளியைப் போர்த்துக்கொண்டு பரணில் ஏறிவிடுவார். ஒரு கொல்லையில் தகரடப்பா தட்டினால் அடுத்த கொல்லையிலும் தட்டுவார்கள். "ஹோ... ஹோ..." என்ற குரல் மலையடிவாரம் வரைக்கும் ஆள்மாற்றி ஆள் போகும். பிள்ளைகள் என் இரண்டு பக்கமும் ஒட்டிப் படுத்துக்கொண்டு, எந்தக் குரல் தாத்தாவுடையது என்று பந்தயம் கட்டுவார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் ஒரு மூலையில் பயிர் படுத்திருக்கும், ஈரமண்ணில் முறம் அளவுக்குத் தடம் இருக்கும். அப்பா திட்டியதில்லை. "அதுக்கும் புள்ளைங்க இருக்குது" என்று சொல்லிவிட்டு, சாய்ந்த தட்டுகளை மாட்டுக்கு அறுத்துக்கொண்டு வருவார். ஒரு வருஷத்துப் பாடு அந்தப் பயிர். அதை இழந்துவிட்டு இப்படிச் சொல்ல எத்தனை பெரிய மனசு வேண்டும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

2006இல் எல்லாம் ஒன்றாக வந்தது. ஆயுத பூஜை அக்டோபர் 1, விஜயதசமியும் காந்தி ஜெயந்தியும் மறுநாள், அவளுக்குப் பத்து வயது 3ஆம் தேதி. சனிக்கிழமை காலையிலேயே கம்பெனியில் பூஜை வைத்துவிட்டார்கள். குடும்பத்தோடு உள்ளே விடுகிற நாள் வருஷத்தில் அது ஒன்றுதான். மற்ற நாளில் அவர் அந்தக் கேட்டுக்குள் ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று போய் மறைவதைத்தான் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். அன்றைக்குத் தரையெல்லாம் கழுவி, வாழைக்கன்று கட்டி, இரும்புச் சுருள் ஒன்றுகூட இல்லாமல் துடைத்து வைத்திருந்தார்கள். அவருடைய மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் கதம்பம். "இதுதான் எங்கப்பாது" என்று மகன் அதன்மேல் கையை வைத்தபடியே நின்றான். நகர மாட்டேன் என்றான். பூசணிக்காய் உடைத்து, பொரிப் பையும் இனிப்புப் பெட்டியும் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அப்படியே மத்தியானப் பஸ்.

ஊரில் அம்மா கதிர் அரிவாள், கடப்பாரை, முறம், நுகத்தடி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்துக் காத்திருந்தாள். பேரன் பேத்தியின் புத்தகங்களை வாங்கி அவற்றுக்குப் பக்கத்தில் அடுக்கினாள். கம்பெனியில் கொடுத்த பொரியை வெல்லம் கலந்த பச்சை ராகியோடு சேர்த்துப் பிசைந்தாள். அந்த ருசியை அதற்குப் பிறகு நான் எத்தனையோ தடவை செய்து பார்த்துவிட்டேன்.

அப்பா 2012இல் போய்விட்டார். பரணில் ஏற ஆள் இல்லை. அண்ணன் பிள்ளைகளுக்கு ஓசூரில் வேலை. கொல்லையைக் குத்தகைக்கு விட்டோம், குத்தகைக்காரர் போர் போட்டுத் தக்காளி வைத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ராகியை நம்பி இன்றைக்கு ஒரு குடும்பம் பிழைக்க முடியாது. அம்மாவை ஓசூருக்கு அழைத்து வந்தேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கியிருந்தது. எங்கள் தெருக்குழாயில் வருவது அந்தத் தண்ணீர் என்று சொன்னதும், ஒரு செம்பு பிடித்து முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தாள். "நானாட்டம் இதுவும் மலையேறி வந்துருச்சா" என்றாள்.

2016 செப்டம்பரில் காவிரித் தண்ணீருக்காக பெங்களூரில் பஸ்களைக் கொளுத்திய வாரம், அங்கே படித்துக்கொண்டிருந்த மகள் அத்திப்பள்ளியில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு ஜூஜூவாடிவரை கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வந்தாள். வீட்டுக்குள் நுழைந்தவளின் காலைக் கழுவிவிட்டு, அம்மா கேட்டது ஒன்றுதான். "வழியில ராகி பால் புடிச்சிருச்சாடீ?" பேத்திக்கு இருபது ஆகப்போகிறதா என்று அவள் கேட்கிற விதம் அது. மகளுக்கு மட்டும் புரிந்தது. "இன்னும் பதினைஞ்சு நாள் ஆகும் ஆயா" என்றாள். அம்மா 2019 கார்த்திகையில் போனாள்.

மகள் இப்போது பெங்களூரில் குடியிருக்கிறாள். அவளுக்கு மூன்று வயதில் ஒரு பெண். அங்கே லீவு தசரா ரஜா, எல்லா வருஷமும் எங்கள் காலாண்டு லீவோடு சேர்ந்து வராது. போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகக் காரில் நாட்றாம்பாளையம் போனோம். வளைவுகளில் யாருக்கும் குமட்டவில்லை. எங்கள் கொல்லையில் தக்காளிக் குச்சிகள் நின்றன. அதற்கு அடுத்தது பக்கத்து வீட்டுக்காரருடையது, அவர் மட்டும் சாப்பாட்டுக்கென்று கொஞ்சம் ராகி போட்டிருந்தார். மகள் வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். ஒரு கதிரைப் பிடித்து நகத்தால் கிள்ளினாள். விரலை என்னிடம் காட்டினாள்.

அதற்குள் குழந்தை அவள் கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிட்டது. ஆள் தெரியவில்லை. எங்கே போகிறாள் என்று கதிர் அசைவதை வைத்துத்தான் பார்த்துக்கொண்டு நின்றோம்.