நுரைக்குள் வருவது

பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவைச் சுமந்து எல்லை கடக்கும் தென்பெண்ணை, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்குவதைப் படமெடுத்துப் பதிவிடாதவர் நம்மில் அபூர்வம். நகரச் சாக்கடையோடு கூடவே வரும், மருந்துக்கு மசியாத கிருமிகளோ எந்தப் படத்திலும் விழுவதில்லை. அந்நீர் பாயும் வயலிலிருந்து வரும், வேரில் சேறு உலராத கொத்தமல்லிக் கட்டை அலசி, ரசத்தை இறக்கிய பிறகு பச்சையாகத்தானே தூவுகிறோம்!

அக்கிருமிகள் வயலுக்கு வர ஆறு மட்டுமே வழியன்று, கோழியெருவும் உண்டு. கோழித் தீவனத்தில் சர்வசாதாரணமாகக் கலக்கப்பட்டுவந்த கொலிஸ்டின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி, பிற மருந்துகள் தோற்றபின் மருத்துவர் கையிலெடுக்கும் கடைசி ஆயுதமாதலால், அதனை உணவுக்கான கால்நடைகளுக்குக் கொடுக்கலாகாதென்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடுத்தது உசிதமான காரியமே. ஆயினும் அம்மருந்தை எதிர்க்கும் சக்தி, பிளாஸ்மிட் என்னும் மரபணு வளையத்தின் மூலம் ஓரினக் கிருமியிலிருந்து வேற்றினத்துக்குக் கைமாறுமென்று 2015-இல் சீனாவில் நிரூபணமாகிவிட்டதே, கோழியெருவோடு வயலில் இறங்கிய கிருமி அரசாணையைப் படிக்குமா? நுரையைப் பரிசோதிக்கும் அதிகாரிகள் மருந்துக்கு மசியாத இக்கிருமிகளையும் அளந்து பகிரங்கப்படுத்தினால் க்ஷேமம்.