ஒரு விகுதியின் தூரம்

கொடிகாமம் சந்தியில், பருத்தித்துறை வீதி கண்டி வீதியோடு கூடும் இடத்துக்குச் சற்று அப்பால், ஒரு தேநீர்க்கடை உண்டு. அதன் பெயர் இங்கு வேண்டாம். வாசலில் வடையும் ரோல்சும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி. பக்கத்தில் முதலாளியின் மேசை. அதன் முன்னே நின்று கேட்டு, காசைக் கொடுத்து, வேண்டியதை வாங்கிக்கொள்ள வேண்டும். சந்தைக்குத் தேங்காய் கொண்டுவருவோரும், பஸ்ஸுக்குக் காத்திருப்போரும், பாடசாலை விட்டு வரும் என்போன்ற ஆசிரியர்களும் அங்கே களைப்பாறுவது வழக்கம்.

சென்ற மாதம் ஒருநாள் நான் உள்ளே நுழைந்தபோது, மேசையின் முன் முதியவர் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மடித்துக் கட்டிய சாறம், தோளில் துவாய். சந்தையில் தேங்காய் மூடை ஏற்றி இறக்குபவர். கையில் காசு தயாராக இருந்தது.

“முதலாளி, ரண்டு பிளேன்ரீயும் வடையும்.”

“பொறு” என்றார் முதலாளி, தலையை நிமிர்த்தாமலே. நிமிர்ந்தபோது அவர் கண்டது என்னை.

“வாங்கோ மாஸ்ரர், இருங்கோ. தம்பி, மாஸ்ரருக்கு ஒரு பால் தேத்தண்ணி!”

நான் இருந்தேன். தேநீர் வந்தது, குடித்தேன். முதியவர் மறுபடியும் கேட்டார்.

“பொறு எண்டு சொன்னனான் எல்லே?”

அப்போதுதான் முதியவரின் பின்னால் ஒதுங்கி நின்ற பையனைக் கண்டேன். வெள்ளைச் சேட்டு, தோளில் புத்தகப் பை. என் வகுப்பில் மூன்றாம் வாங்கில் இருப்பவன். என் கையிலிருந்த கிளாசை ஒருமுறை பார்த்தான். பிறகு நிலத்தைப் பார்த்தான். முதியவர் காசை மடியில் முடிந்துகொண்டார். “வா மோனை, வீட்டை போய்க் குடிப்பம்” என்று பேரனின் கையைப் பிடித்து நடந்துவிட்டார்.

“அவர் எனக்கு முந்தி வந்தவர்” என்ற நான்கு சொற்களை நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வேலைப்பளுவில் வரும் சிடுசிடுப்பு என்று இதைத் தள்ளிவிடலாமா? அன்றிரவு நானும் அப்படித்தான் என்னைத் தேற்றிக்கொள்ள முயன்றேன். ஆனால் சிடுசிடுப்பு ஆள் பார்த்து வருவதில்லை. இது ஆள் பார்த்து வந்தது. அந்த முதியவர் எந்தக் குறிச்சியைச் சேர்ந்தவர் என்பது முதலாளிக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அந்தத் தெரிதலே நோயின் வேர்.

நம் நாட்டுத் தேநீர்க்கடை மேசைக்கு ஒரு வரலாறு உண்டு. ஒடுக்கப்பட்ட மக்கள் கடைக்கு வெளியே நின்று, பேணியிலும் போத்தலிலும் சிரட்டையிலும் தேநீர் வாங்கிக் குடித்த காலம் அது. கிளாசும் வாங்கும் மற்றவர்களுக்கு. சாதியின் பேரால் கடைகளில் இடம் மறுப்பதைக் குற்றமாக்கி, 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்தது. ஆயினும் சட்டம் திறக்காத கதவுகளை மக்களே திறக்கவேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிசாரின் தடியடியைச் சந்தித்தது. தொடர்ந்த ஆண்டுகளில் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் போராட்டம் பரவியது. சங்கானையில் உயிர்களும் பலியாயின. அக்காலத்தின் கொதிப்பை டானியல் தமது ‘பஞ்சமர்’ நாவலில் எழுதிவைத்தார்.

உணவு மேசையில் மானம் கேட்ட போராட்டம் நம்முடையது மட்டுமன்று. 1960 பெப்ரவரி 1 அன்று, அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கென ஒதுக்கிய உணவு மேசையில் அமர்ந்து கோப்பி கேட்டனர். கொடுக்கவில்லை. அவர்களும் கடை மூடும்வரை எழவில்லை. அவ்வாண்டு யூலையில் அந்த மேசை எல்லோருக்கும் திறந்தது.

இன்று கொடிகாமத்துக் கடையில் பேணியும் இல்லை, சிரட்டையும் இல்லை. முதியவருக்குத் தேநீர் கிடைத்திருந்தால் அதுவும் நான் குடித்த கிளாஸ் போன்ற ஒன்றில்தான் வந்திருக்கும். பாத்திரத்தில் இருந்த வேற்றுமை எங்கே போயிற்று? அது வினைச்சொல்லின் விகுதிக்குள் புகுந்து ஒளிந்துகொண்டது. எனக்கு “இருங்கோ”, தந்தை வயதுடைய அவருக்குப் “பொறு”. அந்தச் சிறு ‘ங்கோ’வுக்காகவும், வரிசையில் தனக்குரிய முறைக்காகவும் ஒரு மனிதர் இன்னும் காத்து நிற்கிறார். பேணியை உடைக்கலாம், சொல்லை எப்படி உடைப்பது?

மறுநாள் வகுப்பில் ஏவல் வினை பாடம். ‘இரு’ ஒருமை, ‘இருங்கள்’ பன்மையும் மரியாதையும் என்று கரும்பலகையில் எழுதினேன். மரியாதை யாருக்கு உரியது என்பதை இலக்கணம் சொல்வதில்லை. மூன்றாம் வாங்கின் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

அடுத்த கிழமை மீண்டும் அக்கடைக்குப் போனேன். கூலிவேலை முடிந்து வந்த பெண்ணொருவர் மேசையருகே நின்றார். “வாங்கோ மாஸ்ரர்” என்றார் முதலாளி.

“இந்த அக்கா எனக்கு முந்தி வந்தவ. முதல் அவவைக் கேளுங்கோ.”

முதலாளி வியப்போடு என்னைப் பார்த்தார். பின்பு அப்பெண்ணிடம், “என்ன வேணும்?” என்றார். ‘பொறு’வும் இல்லை, ‘சொல்லுங்கோ’வும் இல்லை. பாதித் தூரம்.

தடியடிக்கு முன் நின்றவர்களை நினைத்தால் இதை ஒரு செயலென்று சொல்லவே நாணுகிறேன். ஆயினும், வரிசையை மீறி நமக்கு நீட்டப்படும் ஒவ்வொரு கிளாசையும் வாங்க மறுப்பது படித்தவர்களாகிய நம்முடைய கடன். அநீதி முதலாளியின் வாயில் மட்டும் இருக்கவில்லை. பேசாது தேநீர் குடித்த என் வாயிலும் இருந்தது.

அந்தப் பையன் இன்னும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.