ஒரு கேபி



சென்ற மாதம் சபை அலுவலகக் கணினியின் வட்டு நிரம்பிவிட்டது. வேண்டாத கோப்புகளை அழித்தால் போதும் என்று அதைப் பழுதுபார்க்கும் தம்பி சொன்னார். சனிக்கிழமை பிற்பகல், மறுநாள் பிரசங்கத்தை முடித்துவைத்துவிட்டு அந்த வேலையில் அமர்ந்தேன்.

இடம் வேண்டுமானால் பெரிய கோப்புகளை அல்லவா அழிக்கவேண்டும்? பெரியவை எல்லாம் அறுப்பின் பண்டிகைக் காணொளிகளாக இருந்தன. அவற்றில் பிள்ளைகள் பாடுகிறார்கள், கை வரவில்லை. ஆகவே கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்தி, அடியிலிருந்து தொடங்கினேன். ஒரு பழைய கோப்புறையில் நாற்பத்தொரு சிறு கோப்புகள் இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் ‘1 கேபி’ என்றே இருந்தது. ஒரு கேபியில் என்ன இருந்துவிடப்போகிறது? திறந்துகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் அழித்தேன். வட்டில் ஓர் அணுவளவும் இடம் கூடவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒருவர் என்னைத் தேடி வந்தார். மாமல்லபுரத்தை அடுத்த மீனவர் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர். இப்போது கணித ஆசிரியர். 2004 டிசம்பர் 26 அன்று கடல் அவருடைய தகப்பனைக் கொண்டுபோனபோது அவருக்குப் பத்து வயது. தாயார் இந்த மழைக்காலத்தில் காலமானார். அடக்கத்திற்கு வந்த உறவினர் சிலர் பழைய பேச்சொன்றை மறுபடி எடுத்தார்களாம். சுனாமிக்குப் பிறகு குப்பத்தில் எல்லா வீட்டுக்கும் வலை கிடைத்ததே, உன் வீட்டுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை? உன் அம்மா கேட்கத் தெரியாமல் விட்டுவிட்டாள். இருபது ஆண்டுகளாக அவர்கள் சொல்லிவருவது இது.

“அம்மா கேட்கவேயில்லையா, ஐயா? அப்போது நீங்கள் எழுதிக்கொண்டு போனீர்களே, அது எங்கேயாவது இருக்குமா?”

அந்த ஜனவரியில் நான் உதவிப் போதகன். திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் கடற்கரைக்குப் போய்வருவோம். கூட வந்த வாலிபர் ஒருவர் குப்பத்து வீடுகளின் தேவைகளைக் குறித்துக்கொண்டு வந்து, இரவில் இ-கலப்பை கொண்டு தமிழில் தட்டச்சு செய்து, வீட்டுக்கு ஒரு நோட்பேட் கோப்பாகச் சேமித்துவைத்தார். பின்னர் கணினிகள் மாறின. கோப்புறை மட்டும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வந்துகொண்டிருந்தது. நாற்பத்தொரு வீடுகள்.

அவர் கேட்டு முடிக்கும் முன்பே எனக்கு வியர்த்துவிட்டது. குப்பைக் கூடையைத் திறந்தேன். அதைக் காலிசெய்ய மறந்திருந்தேன். என் வாழ்க்கையில் மறதிக்காக நான் ஸ்தோத்திரம் சொன்ன நாள் அது ஒன்றுதான். தாயாரின் பெயரிட்ட கோப்பை மீட்டுத் திறந்தோம். ஒரே வரி.

“வலை வேண்டாம். மகன் படிக்க வேண்டும்.”

அவர் நெடுநேரம் பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் அதை என்ன செய்திருந்தேன் என்பதை அவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொன்னேன். அவர் கோபப்படவில்லை. ஆசிரியர் அல்லவா, திரையைப் பார்த்து, “இதற்கா ஒரு கேபி?” என்றார்.

கோப்பின் பண்புகளைத் திறந்தோம். அளவு 96 பைட் என்றது. அவர் ஒரு காகிதத்தில் எண்ணிப் பார்த்தார். நாம் இன்று பயன்படுத்தும் யூனிகோடு முறையில், யூடிஎஃப்-8 ஆகச் சேமித்தால், தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்கிறது. ‘லை’ என்பது நமக்கு ஓர் எழுத்து; கணினிக்கு லகரம் ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. அப்படி எண்ணினால் அந்த வரியில் 29 குறிகள். ஆக 87 பைட். இடைவெளிகளும் புள்ளிகளும் சேர்ந்து 6. பழைய நோட்பேட் கோப்பின் தலையில் தானே இட்டுவைக்கும் அடையாளம் 3. கணக்குச் சரியாக வந்தது.

“வகுப்பில் பாதிக்குக் கீழே இருந்தால் விட்டுவிடுங்கள் என்றுதான் சொல்லிக்கொடுக்கிறோம், ஐயா. 96-ஐ 1024-ஆல் வகுத்தால் பத்தில் ஒரு பங்குகூட வராது. எங்கள் முறைப்படி இது பூஜ்யம்.”

விண்டோஸின் கோப்புப் பட்டியல் அந்த முறையைப் பின்பற்றுவதில்லை. அங்கே எப்போதும் மேல்நோக்கியே முழுதாக்குகிறார்கள். ஒரே ஒரு பைட் இருந்தாலும் 1 கேபி. 1024-க்கு மேல் ஒன்று கூடினால் 2 கேபி. முற்றிலும் வெறுமையான கோப்புக்குத்தான் 0. நெல்லைத் தலைதட்டி அளப்பவர் உண்டு, கோபுரமாக அளப்பவர் உண்டு. இந்தப் பட்டியல் கோபுரமாக அளக்கிறது. ‘ஒன்றுமில்லை’ என்று நான் வாசித்த அந்த 1 உண்மையில் ‘ஏதோ இருக்கிறது’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

கேபி என்றால் எவ்வளவு என்பதிலேயே தகராறு உண்டு. விண்டோஸுக்கு அது 1024 பைட். வட்டு செய்கிறவர்களுக்கு 1000. ஆப்பிள் கணினிகள் 2009 முதல் ஆயிரத்தின் பக்கம் சேர்ந்துகொண்டன. குழப்பம் தீர 1024-க்குக் ‘கிபிபைட்’ என்று 1998-லேயே பெயர் சூட்டினார்கள். கடைத்தெருவில் அப்படிச் சொல்லி எவரும் நான் கேட்டதில்லை. சென்ற ஆண்டு ஒரு டிபி வெளிவட்டு வாங்கிவந்து செருகினால் 931 ஜிபி என்று காட்டியது. கடைக்காரரிடம் போய் நியாயம் கேட்டேன். பாவம், அவர் மேல் குற்றமேயில்லை. இதைப் படித்தால் அவர் என்னை மன்னிப்பாராக.

அன்றிரவு சுவிசேஷங்களின் எண்கள் நினைவுக்கு வந்தன. அப்பம் பகிர்ந்த இடத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் புருஷர் என்கிறார் மத்தேயு. ஸ்திரீகளும் பிள்ளைகளும் அந்தக் கணக்குக்குப் புறம்பே என்று அவரே எழுதிவைக்கிறார். ஆனால் உயிர்த்தெழுந்த ஆண்டவர் கரையில் நின்ற விடியற்காலையில் வலைக்குள் வந்த மீன் 153. ஏறக்குறைய நூற்றைம்பது என்று யோவான் எழுதவில்லை. புயலில் சிக்கிய பவுலின் கப்பலில் இருந்தவர்கள் 276 பேர். கடலோரக் கணக்குகளை யாரோ ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறார்கள். 2004-க்குப் பிறகு அந்தப் பகுதிகளைப் பிரசங்கிக்க நான் சற்றுத் தயங்குகிறேன் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

பண்புகளில் இன்னொரு வரி இருந்தது. வட்டில் பிடிக்கும் இடம்: 0 பைட். அதைக் கண்டதும், மீட்டது மறுபடி போய்விட்டதோ என்று பதறினேன். பழுதுபார்க்கும் தம்பியைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டோம். விண்டோஸ் வட்டில் மூலப் பதிவேடு ஒன்று உண்டாம். ஒவ்வொரு கோப்புக்கும் அதில் வழக்கமாக 1024 பைட் கொண்ட ஒரு பதிவு. கோப்பு மிகச் சிறியதாக இருந்தால், அதன் உள்ளடக்கத்தை வெளியே கொண்டுபோய் வைப்பதில்லை. பதிவேட்டிலேயே, பெயருக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுகிறது. தனி இடம் தேவைப்படாததால் 0 என்கிறது. பதிவேட்டில் பெயரோடு எழுதப்பட்டிருப்பது என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறதோ அதுவே எனக்கும் வந்தது.

அவர் கோப்பைத் தமக்கு ஒரு பிரதி கேட்டார். தாளிலும் அச்சிட்டுக் கொடுத்தேன். உறவினரிடம் காட்டவேண்டும் என்றார். என் பழைய 16 ஜிபி பென்டிரைவில் நகலெடுத்துவிட்டு, வழக்கம்போல் பண்புகளைப் பார்த்தோம். அளவு அதே 96. பிடிக்கும் இடம் மட்டும் 8 கேபி. பென்டிரைவில் அந்தப் பதிவேட்டு வசதி இல்லை. எவ்வளவு சிறியது வந்தாலும் ஓர் அறை முழுவதையும் கொடுத்துவிடுகிறது. அந்தப் பென்டிரைவில் ஓர் அறை 8192 பைட்.

அப்போதுதான் அவர் முதன்முறையாகச் சிரித்தார்.

“அம்மா பேருந்திலும் அப்படித்தான், ஐயா. மீன் கூடைக்கும் சேர்த்து இடம் பிடிப்பார்.”